நவம்பரில் 400 மில்லிமீட்டர் என்றால் என்ன பொருள்?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். சேலத்திலிருந்து கடலோர மரக்காணம் பக்கம் குடிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது, அங்கே வாங்கிய மனையில் வீடு கட்ட வேண்டும், அதற்காகச் சென்னையின் மாதவாரி மழை, வெப்ப அட்டவணையை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஜூன் மாதம் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி வரும்போது கடற்கரையில் மட்டும் ஏன் வெயில் கொளுத்துகிறது என்பது முதல் கேள்வி. மே மாத வெப்பம் அட்டவணைப்படி சேலத்தைவிட அப்படியொன்றும் அதிகமில்லை, பிறகு ஏன் தாங்க முடியவில்லை என்பது இரண்டாவது. நவம்பருக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, போன நவம்பரில் அதில் பாதிகூடப் பெய்யவில்லை, அப்படியானால் அட்டவணையே தவறா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் உங்கள் மனத்தில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த அட்டவணையை நம்பி வேலையைத் தொடங்கலாமா?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடற்கரையோர வானிலை நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். காலையில் மழைமானியைத் திறந்து அளவெடுப்பது, வெப்பமானிகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது, மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு அனுப்புவது என் அன்றாடம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். அட்டவணையின் வெப்பநிலை வரிசையைத் தாராளமாக நம்பலாம். மழை வரிசையில் எந்த மாதம் அதிகம், எந்த மாதம் குறைவு என்ற ஏற்ற இறக்கத்தை நம்பலாம். ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் நேராக உள்ள எண்ணை, இந்த ஆண்டு இவ்வளவு பெய்யும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். ஏன் என்று சொல்ல, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மழைமானி என்பது பெரிய கருவி ஒன்றுமில்லை. மேலே வட்ட வாய், அதற்குக் கீழே புனல், அடியில் தண்ணீர் சேரும் குடுவை. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். சாதாரண நாளில் அளவுக் குவளையில் ஒருமுறை ஊற்றினால் வேலை முடிந்தது. புயல் கடந்த ஒரு காலையில் குடுவையைத் தூக்கியபோது கை கனத்தது இன்னும் நினைவிருக்கிறது. 20 சென்டிமீட்டர் மழை என்றால் 4 லிட்டர் தண்ணீர். குவளை குவளையாக ஊற்றி, ஒவ்வொன்றையும் கோடு போட்டு எண்ணி, எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற பயத்தில் இன்னொருவரை அருகில் நிற்கவைத்துக்கொண்டு அளந்தேன். ஒரு மாதச் சராசரியில் பாதியை ஒரே குடுவையில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் கைக்கு உறைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டில் மழை நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்வது, அளவெடுக்கும் அந்த மறுநாளின் கணக்கில் எழுதப்படும். உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த இரவு புதுச்சேரியிலும் மயிலத்திலும் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. ஆனால் அளவெடுத்தது டிசம்பர் 1 காலை. ஆகவே மழையில் நின்றவர்களுக்கு அது நவம்பர் மழை, அட்டவணைக்கு அது டிசம்பர் மழை. ஒரே இரவு மழை இப்படிப் பக்கம் மாறி உட்காரும்போது அந்த ஆண்டின் நவம்பர் எண் இளைத்தும் டிசம்பர் எண் பெருத்தும் தெரியும். இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது.

இப்படித் தினசரி எழுதியதை மாதவாரியாகக் கூட்டி, முப்பது ஆண்டுகளின் கூட்டுத்தொகையை முப்பதால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் பார்த்த எண். இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். பழைய அட்டவணைகளில் 1961-1990, 1981-2010 என்றும் இருக்கும். அதனால் இரண்டு அட்டவணைகள் 20, 30 மில்லிமீட்டர் வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம். இந்த விஷயத்தில் நம் கடற்கரை பாக்கியம் செய்தது என்றுதான் சொல்வேன். சென்னையில் 1792-லேயே வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அங்கே 1813 முதலான மழைக் கணக்கு இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழைப் பதிவு உலகத்தில் மிகச் சில ஊர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அந்த ஏடுகளை யார் யாரோ மழையில் நனைந்துகொண்டே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம். சென்னைக்குத் தோராயமாக இப்படி இருக்கும்: ஜனவரியில் 20 மில்லிமீட்டரை ஒட்டி, பிப்ரவரியும் மார்ச்சும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஏப்ரலில் சில தூறல்கள், மே மாதம் 45, ஜூன் 65, ஜூலை 100, ஆகஸ்டும் செப்டம்பரும் 140 வீதம், அக்டோபர் 280, நவம்பர் 400, டிசம்பர் 180. மொத்தம் ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் அளவில். இந்த ஏறுமுகத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கோழிக்கோட்டுக்கு அதே படத்தை வரைந்தால் ஜூன், ஜூலை இரண்டும் மலைபோல் எழும். மாதத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கும் இரண்டு கடற்கரைகள், நடுவில் 600 கிலோமீட்டர்கூட இல்லை, மழைக்காலம் மட்டும் நேர்மாறு.

இடையில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குக் காற்று அரபிக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடேறும், ஈரப்பதம் குறையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று இதுதான். பறக்கவைக்கும் வேகம் இருக்கிறது, பெய்ய ஈரம் இல்லை. நம் கடற்கரை மீனவர்கள் இதைக் கச்சான் என்பார்கள். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கரையில் நின்றாலும் முகத்தில் கடல் வாசம் வராது, நிலத்தின் சூடுதான் வரும். செய்தியில் சொல்லும் பருவமழை பொய்யில்லை. நீங்கள் அதன் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 140 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது பருவக்காற்று நேராகக் கொண்டுவரும் மழை இல்லை. பகலெல்லாம் நிலம் சூடாகி, பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்து மேல்காற்றோடு, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றோடு, மோதும் இடத்தில் மேகம் கோபுரம்போல் எழும். அதை மேற்குக் காற்று மெல்லக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். மாலை ஏழு, எட்டு மணிக்கு மேற்கே மின்னல் வெட்டும், ஒன்பது பத்துக்கு இடியோடு கொட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். செய்திகளில் வெப்பச்சலன மழை என்று சொல்வது இதைத்தான். இதற்கு ஒழுங்கு கிடையாது. ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். சென்னை, செங்கல்பட்டு, மரக்காணம் வட்டாரத்தில் இது ஓரளவு தாராளமாகப் பெய்யும். தெற்கே போகப் போகக் குறைந்து, பாம்பன் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அநேகமாக வறட்சிதான்.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வட இந்தியா குளிரத் தொடங்க, தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்க, தாழ்வழுத்தப் பகுதி வங்கக்கடலின் தெற்குக்கு இறங்கிவரும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்கக்கடலைக் கடக்கும்போது ஈரம் ஏற்றிக்கொண்டு, நம் கரையில் முட்டுகிறது. வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் மாறி மாறி அடிக்கத் தொடங்கிவிட்டால் மீனவர்களுக்குச் செய்தி தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்க வானிலைத் துறை சில அளவுகோல்கள் வைத்திருக்கிறது: கீழைக்காற்று நிலைபெற வேண்டும், கடலோரத் தமிழகத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும், இன்னும் சில. தொடக்கத்துக்கு இயல்பான நாள் அக்டோபர் 20, அதில் ஒரு வாரம் முன்பின் ஆகலாம். தமிழகம் முழுவதையும் எடுத்தால் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் வருகிறது. கடலோர மாவட்டங்களில் அது 60 சதவீதம்வரை போகும்.

இங்கே அட்டவணையின் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அக்டோபர் என்று ஒரே கட்டம் போட்டு 280 என்று எழுதியிருக்கிறது. உண்மையில் அக்டோபரின் முதல் பாதி ஒரு காலம், இரண்டாம் பாதி இன்னொரு காலம். முதல் பாதியில் மாலை இடிமழை, புழுக்கம், கலங்கிய காற்று. இரண்டாம் பாதியில் கடலிலிருந்து வரும் மழை. நம் பஞ்சாங்க மாதம் இதற்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18 வாக்கில். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொன்னவர்கள் கோட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள். நான் குறிப்பேட்டில் ஆங்கில மாதத்துக்குத்தான் கூட்டுவேன், ஆனால் தனியாக ஒரு தாளில் தமிழ் மாதத்துக்கும் கூட்டிவைத்திருந்தேன். பருவம் எப்போது மாறியது என்பது அந்தத் தாளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னொரு குணம் உண்டு. அது விடியற்காலை மழை. இரவில் நிலம் குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி வீசும். எதிரே வரும் வடகிழக்குக் காற்றோடு கரையை ஒட்டிய கடலில் அது முட்ட, அங்கே மேகம் திரண்டு கரையேறும். அதனால் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு, ஒன்பது வரை கொட்டிவிட்டு, பத்து மணிக்கு வெயிலும் அடிக்கும் நாட்கள் நிறைய. உள்ளே 40, 50 கிலோமீட்டர் போய்விட்டால் இந்தப் பாங்கு தளர்ந்துவிடும். பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்று பகல் முழுக்க வெயில் அடிப்பதைப் பார்த்துப் பலர் கோபப்படுவார்கள். இரவு என்ன நடந்தது என்று மழைமானியைக் கேட்டால் தெரியும்.

இப்போது அந்த 400. சென்னையில் நவம்பர் மாதத்தில் மழை நாட்கள் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டுதான். 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கு. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் சமமாகப் பெய்வதில்லை. ஒரு தாழ்வுப் பகுதி வரும், மூன்று நாள் கொட்டும், பிறகு ஒரு வாரம் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், இன்னொன்று வரும். என் குறிப்பேடுகளில் பெரும்பாலான நவம்பர்களில் மாத மழையின் பாதி மூன்று நான்கு நாட்களில் அடங்கிவிட்டது. அந்த மூன்று நாளைக் கொண்டுவரும் புயல்சின்னம் ஆந்திரப் பக்கம் திரும்பிவிட்டால் மாதமே வறண்டுவிடும். போன நவம்பரில் உங்களுக்குப் பாதி பெய்யாததற்கு அட்டவணையைக் குறைசொல்ல வேண்டாம். 400 என்பது 1000-மும் 100-மும் கலந்து வந்த எண்.

இது பேச்சுக்குச் சொன்ன எண்ணில்லை. 2015 நவம்பரில் சென்னையில் 1049 மில்லிமீட்டர் பெய்தது. 1918 நவம்பரில் 1088 பெய்ததற்குப் பிறகு அதுவே பெரிது. அதன் மேல் டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு, 2016-ல், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கில் மிக மோசமான பருவங்களில் ஒன்றானது. சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா புயல் டிசம்பர் 12 அன்று வந்தது அந்த வறண்ட பருவத்தில்தான். ஒரு புயல் வந்தும் பருவம் தேறவில்லை. 2021-ல் மறுபடி நவம்பரில் சென்னை 1000 மில்லிமீட்டரைத் தாண்டியது. இந்த ஆண்டுகளில் எதிலும் நவம்பர் மழை 400-ஐ ஒட்டி இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளைக் கூட்டி வகுத்தால் 400 சரி.

சிறிய எண்களில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். மே மாதத்துக்கு 45 என்று இருக்கிறது. பெரும்பாலான மே மாதங்களில் அதற்கு வெகுவாகக் குறைவாகத்தான் பெய்யும், எப்போதோ ஓர் ஆண்டு புயலோ கோடை இடிமழையோ 200-ஐக் கொட்டிவிட்டுச் சராசரியைத் தூக்கிவிடும். ஜனவரியின் 20-மும் அப்படித்தான். 2021 ஜனவரியில் தமிழகத்தில் இயல்பைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பெய்து, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைவிட்டது. ஆகவே யாராவது உங்களுக்கு நடுமதிப்பு போட்ட அட்டவணை கொடுத்தால், அதாவது முப்பது ஆண்டுகளை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைக் கொடுத்தால், சராசரியைவிட அதை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டுகிறவருக்கு அதுதான் உதவும்.

பசிபிக் கடலின் நடுப்பகுதி இயல்பைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு என்றால் நமக்கு நல்ல மழை, அது குளிரும் லா நினா என்றால் குறைவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மொத்தத்தில் அப்படி ஒரு சாய்வு இருப்பது உண்மை. 1997, 2015 இரண்டும் எல் நினோ, இரண்டிலும் அபரிமிதமான மழை. ஆனால் 2021 லா நினா, அப்போதும் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 சதவீதம் அதிகம். ஆகவே அதைச் சாய்வு என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம், அதை நம்பி ஒரு தளம்கூடப் போட முடியாது. ஜூலையிலேயே இந்த ஆண்டு நவம்பர் எப்படி என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அந்த உறுதிக்கு அடிப்படை கிடையாது. நான்கைந்து நாள் முன்னறிவிப்பு வேறு, அதை நம்பலாம், நம்ப வேண்டும்.

சென்னை அட்டவணை மரக்காணத்துக்குப் பொருந்துமா? மாதங்களின் வரிசை அப்படியே பொருந்தும். அளவில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் இதே கிழக்குக் கடற்கரையில் தூத்துக்குடிக்கு இதை எடுத்துப்போனால் பொருந்தாது. அங்கே ஆண்டு மழை சென்னையில் பாதி அளவுதான், அதனால்தான் உப்புக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த வறண்ட கரையிலும் 2023 டிசம்பர் 18 காலை முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது, அந்த மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைவிட அதிகம். வறண்ட ஊர் என்ற பெயரை நம்பித் தாழ்வில் வீடு கட்டியவர்கள் அன்று பட்ட பாட்டை மறக்க முடியாது. உங்கள் ஊரிலும் உப்பளம் இருக்கிறது. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் பாத்தி கட்டத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் கை கழுவுகிற அந்தத் தொழிலாளர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு மழை பெய்தால் பாத்தியில் உப்பு கரைந்து ஒரு வாரக் கூலி போய்விடும் என்பதால், வறண்ட மாதங்களில் எந்த வாரத்தில் மழை எட்டிப் பார்க்கும் என்று அவர்கள் சொல்வதை நான் எப்போதும் மதிப்போடு கேட்டிருக்கிறேன்.

இனி வெப்பம். ஜனவரியில் பகல் 29, 30, அதிகாலை 21 டிகிரியை ஒட்டி. மே மாதம் பகல் 37, 38, அதிகாலை 27, 28. ஆண்டுக்கு ஆண்டு இது ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் நகராது. அதனால்தான் இந்த வரிசையை நம்பலாம் என்றேன். உங்கள் கரையில் சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நேர் உச்சிக்கு வருகிறது, மறுபடி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டி. ஆனால் கடும் வெப்பம் மே நடுவிலிருந்து ஜூன் வரை. நிலம் காய்ந்து முடியவும் மேல்காற்று பலப்படவும் அந்த ஒரு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் சூரியன் திரும்ப உச்சிக்கு வரும்போது மேகமும் ஈர மண்ணும் தடுத்துவிடுகின்றன.

சேலத்திலும் மே மாதப் பகல் இதே அளவுதான். வித்தியாசம் அந்தப் பகல் எண்ணில் தெரியாத இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று இரவு. உங்கள் சேலம் வீட்டில் விடியற்காலையில் 25, 26-க்கு இறங்கியிருக்கும், காற்றும் காய்ந்திருக்கும், உடல் ஆறும். கடற்கரையில் 28-க்குக் கீழே இறங்காத இரவுகள் தொடர்ந்து வரும், கடல் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரண்டாவது ஈரப்பதம். மே மாதத்தில் ஒருநாள் பிற்பகலைச் சொல்கிறேன். மணி ஒன்றரை. மேற்குக் காற்று, வெப்பமானி 38, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 26. காற்றுத் திசைகாட்டி திடீரென்று தடுமாறி, ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே நின்றது. கடற்காற்று வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வெப்பமானி 34-க்கு இறங்கியது. ஈரத்துணி வெப்பமானியோ 28-க்கு ஏறியது. எண்ணைப் பார்த்தால் நாலு டிகிரி குறைந்திருக்கிறது. ஆனால் வியர்வை காய்வதற்கு வழி குறைந்துவிட்டது என்பதை அந்த இரண்டாவது வெப்பமானி சொல்கிறது. நிழலில், காற்றோட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடற்காற்று வரம். வெயிலில் கல் சுமப்பவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் கடற்கரைக் கோடையின் தலைவிதி. நண்பகலுக்கு முன் வந்தால் 36-ல் நின்றுவிடும். மேல்காற்று பலமாக இருந்து பிற்பகல் மூன்று மணிவரை அதைத் தடுத்துவிட்டால் 41, 42 ஆகும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது அப்படிப்பட்ட வறண்ட மேற்குக் காற்றின் வேலை. 37 என்ற சராசரி இந்த இரண்டு வகை நாட்களையும் கலந்தது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் கட்டடப் பொறியாளர் இல்லை, மண்ணைப் பார்க்காமல் அஸ்திவாரம் பற்றி யாரும் சொல்லவும் கூடாது. வானிலையை மட்டும் வைத்துச் சொல்வது இது. பொங்கல் முடிந்ததும் வானம் உங்களுக்குச் சாதகம், ஆனால் நிலத்தடி நீர் அப்போதுதான் மேலே இருக்கும். மணற்பாங்கான கடற்கரையில் ஜனவரியில் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் தோண்டுவது நல்லது. கிணறோ ஆழ்துளைக் கிணறோ போட்டு இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மார்ச்சில் சந்தோஷப்பட வேண்டாம், ஆகஸ்ட், செப்டம்பரில் என்ன நிலை என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுவரும் தளமும் வேகமாக உலரும், நீராற்றுவதில், அதாவது தண்ணீர் விட்டு அவற்றை ஈரமாக வைப்பதில், ஒருநாள்கூடச் சோம்பக் கூடாது. ஜூலையிலோ அதற்குப் பிறகோ தளம் போடுவதாக இருந்தால் விடியலில் தொடங்கி மாலை நான்குக்குள் முடித்துவிடுங்கள், இடிமழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். செப்டம்பர் முடிவதற்குள் கூரை மூடியிருக்க வேண்டும். இதில் மட்டும் அட்டவணை சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கம்பியை வாங்கிக் கடற்காற்றில் மாதக்கணக்கில் திறந்து போடாதீர்கள், உப்பு ஈரம் அதைத் தின்றுவிடும்.

தரைமட்டத்தை உயர்த்துவதற்குச் சராசரி எண் உதவாது, அதிகபட்ச எண்தான் உதவும். ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் உங்கள் பக்கம் பெய்யும் என்பதை 2024-ல் பார்த்தாயிற்று. ஆயிரம் சதுர அடிக் கூரையில் அந்த மழை ஏறத்தாழ 46,000 லிட்டர். வடிகால் குழாயின் அகலத்தைப் பொறியாளரிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். மனை இருக்கும் இடத்தில் அந்த டிசம்பர் 1 அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கறை இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரைக் கேளுங்கள்.

பருவம் மாறிவிட்டதா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வெப்பம் கூடிவருகிறது, குறிப்பாக இரவு வெப்பம். இது உறுதி, நகரங்களில் கட்டடங்களும் அதில் பங்குதாரர்கள். கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அதனால் பெய்யும்போது கொட்டித்தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மொத்த அளவு கூடுகிறதா குறைகிறதா என்று என் கால அனுபவத்தை வைத்துச் சொல்லத் துணியமாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு ஊசலாடும் ஒன்றில் முப்பது ஆண்டு என்பது சின்னக் காலம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும் அன்றே மனையில் ஒரு மழைமானி வையுங்கள். கடையில் வாங்க வேண்டிய அவசியமில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் பாத்திரம், உள்ளே மில்லிமீட்டர் அளவுகோல், அவ்வளவு போதும். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, தரையிலிருந்து தெறிக்காதபடி கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். தினமும் காலை 8.30-க்குப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். மழை பெய்யாத நாளில் பூஜ்ஜியம் என்று எழுத மறக்காதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டால், பிற்பாடு எடுத்துப் பார்க்கும்போது அன்று மழை இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று தெரியாது.